கிட்டார் உள்ளே வந்துவிட்டது, பறை ஏன் வாசலில் நிற்கிறது?

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் ஒரு பழைய சண்டை இன்னும் ஓயவில்லை. ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அந்தச் சண்டை. ஆலயத்தைக் கச்சேரி மேடை ஆக்கிவிட்டார்கள் என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். இதுவும் இல்லையென்றால் எங்கள் வயதுக்காரர் ஒருவரும் வரமாட்டார்கள் என்று இளைஞர்கள் பதில் சொல்கிறார்கள். பல நகரச் சபைகளில் இது சமரசத்தில் முடிகிறது. ஒரு ஆராதனை பாமாலைக்கும் ஆர்கனுக்கும், இன்னொன்று பேண்டுக்கு. இரு தரப்புக்கும் திருப்தி.

இந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. டிரம்ஸும் தோல்கருவிதான், பறையும் தோல்கருவிதான். ஒன்று பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று பெரும்பாலான ஆலயங்களில் சாவு ஊர்வலத்தோடு வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. தலித் விடுதலை ஞாயிறு என்று ஆண்டில் ஒரு நாள் உள்ளே அழைக்கப்படுவதுண்டு. அடுத்த ஞாயிறு அது இருந்த இடம் தெரியாது. டிரம்ஸ் ஒலித்தால் ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று வாதாடுபவர்கள் உண்டு. டிரம்ஸ் தீட்டு என்று சொல்பவர் எவரும் இல்லை.

வழிபாட்டில் ராக் இசையை நான் எதிர்க்கவில்லை. ஒலியை மாற்றிக்கொண்டு ஒழுங்கை அப்படியே காப்பாற்றிக்கொள்ள அது ஒரு வசதியான வழியாகிவிட்டது என்பதே என் வாதம். இது நம் ஊரில் தொடங்கிய வழக்கமல்ல. ராக் பிறந்த நாட்டிலேயே முதலில் நடந்தது.

பிசாசின் இசை என்று பெயர் வைத்தவர்கள்

1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வந்த அடிமைச் சட்டம், அடிமைகள் மேளம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. மேளத்தைப் பிடுங்கினால் தாளம் செத்துவிடும் என்று நினைத்தார்கள். மக்கள் கையையும் காலையும் மேளமாக்கிக்கொண்டார்கள். வட்டமாகச் சுற்றிவந்து, கைதட்டி, தரையை மிதித்துப் பாடும் 'ரிங் ஷவுட்' என்ற வழிபாட்டு முறை அடிமைகளின் ஜெபக் கூட்டங்களில் வேரூன்றியது. ராக் இசையின் துடிப்பைத் தேடிப்போனால் நாம் போய்ச் சேரும் ஊற்றுகளில் ஒன்று, இந்த ஜெபக் கூட்டத்தின் தரை.

1906இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் வெடித்தது. அதை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்தவர்களின் மகன். அதற்குச் சற்றுமுன் ஹூஸ்டனில் சார்லஸ் பர்ஹாம் என்ற வெள்ளைப் போதகரின் வேதபாட வகுப்புக்குப் போனபோது, நிறப் பாகுபாட்டுச் சட்டத்தைக் காட்டி அவரை வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து கேட்க வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தனிச் சாக்கில் உட்கார்ந்து படித்த அம்பேத்கரை அறிந்த நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அசூசா தெருவில் கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோக்காரரும் ஒன்றாக மண்டியிட்டார்கள். அதை நேரில் பார்த்த பர்ஹாம் அருவருத்துக் கண்டித்தார். சில ஆண்டுகளிலேயே வெள்ளைப் பெந்தெகொஸ்தே ஊழியர்கள் பெரும்பாலும் தங்களுக்கெனத் தனி அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டார்கள்.

அந்த மரபின் கறுப்பினத் திருச்சபை ஒன்றில்தான் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் வளர்ந்தார். 1915இல் ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி பறிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். தாய் ஊழியக்காரர். சிறுமியாகவே கிட்டாரோடு மேடையேறி, பின்னாளில் எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நற்செய்திப் பாட்டு பாடினார். அவர் 1944இல் பதிவுசெய்த ஒரு நற்செய்திப் பாடலை, முதல் ராக் இசைத்தட்டு என்றே சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எல்விஸ் பிரெஸ்லியும் ஜானி கேஷும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1973இல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. ராக் இசைக்கான புகழ் மண்டபம் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல்.

ஆக, ஆலயத்துக்குள் ராக் வரலாமா என்ற கேள்வியே தலைகீழானது. அது ஆலயத்திலிருந்து வெளியே போனது. என்ன, அது கறுப்பர்களின் ஆலயம்.

1950களில் ராக் அண்ட் ரோல் வெள்ளை இளைஞர்களைப் பிடித்தபோது, தெற்கத்திய போதகர்கள் பலர் அதைப் பிசாசின் இசை என்றார்கள். அந்தப் பிசாசுக்கு என்ன நிறம் என்பதை ஒளிக்காமல் சொன்னவர் அலபாமாவின் ஆசா கார்ட்டர். இனப் பிரிவினையைக் காக்கத் தொடங்கப்பட்ட வெள்ளையர் மன்றம் ஒன்றின் தலைவர் அவர். வெள்ளையரைக் கறுப்பரின் நிலைக்கு இறக்கும் சதி என்று 1956இல் அந்த இசைக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அதே ஆண்டு பர்மிங்ஹாமில் பாடகர் நாட் கிங் கோலை மேடையிலேயே தாக்கியவர்கள் அவருடைய ஆட்கள். வெள்ளைப் பையனும் கறுப்புப் பெண்ணும் ஒரே தாளத்துக்கு ஒரே இடத்தில் ஆடிவிடுவார்களே என்பதுதான் அச்சம். கலப்பு பற்றிய அச்சத்துக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று சொல்லத் தேவையில்லை.

வெளுக்கப்பட்ட பிறகு கிடைத்த அனுமதி

1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் நிலைமை மாறியது. ஹிப்பி இளைஞர்கள் கூட்டமாக இயேசுவிடம் திரும்பிய 'இயேசு இயக்கம்' அது. கோஸ்டா மேசாவின் கால்வரி சேப்பல் அவர்களை நீண்ட முடியோடும் கிட்டாரோடும் ஏற்றுக்கொண்டது. லாரி நார்மன் 1969இல் வெளியிட்ட இசைத்தட்டைக் கிறித்தவ ராக்கின் தொடக்கம் என்பார்கள். 1971இல் மரநாதா மியூசிக் என்ற நிறுவனம் பிறந்தது. 1972இல் டல்லாஸில் பல்லாயிரம் இளைஞர் திரண்ட நற்செய்தி மாநாட்டில், பில்லி கிரஹாம் பிரசங்கித்த அதே வாரம் ராக் குழுக்களும் மேடையேறின. பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு பிசாசுடையதாக இருந்த தாளம் நற்செய்திப் பணியின் கருவியானது.

நல்ல இசை எல்லாவற்றையும் பிசாசே ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் 1972இல் நார்மன் ஒரு பாட்டுக்குத் தலைப்பு வைத்தார். அந்த இயக்கத்தின் முழக்கம் போலவே அது ஆகிப்போனது. சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் பிசாசிடமிருந்து மீட்டதாகச் சொன்ன இசை பிசாசிடம் இருந்ததே இல்லை. பக்கத்துத் தெருக் கறுப்பர் ஆலயத்தில் இருந்தது. அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியிருக்கலாம். கடன் வாங்கியவர்கள் கடன் கொடுத்தவரின் பெயரை மறைத்து, மீட்பு என்று எழுதிக்கொண்டார்கள்.

இதன் விளைவை இன்றும் அமெரிக்க இசைத் தரவரிசைகளில் பார்க்கலாம். பில்போர்டு பத்திரிகையில் 'கிறித்தவப் பாடல்கள்' என்று ஒரு பட்டியலும் 'காஸ்பல் பாடல்கள்' என்று இன்னொரு பட்டியலும் உண்டு. ஒரே இயேசு, அதே கிட்டார், அதே டிரம்ஸ். முதல் பட்டியலில் பெரும்பாலும் வெள்ளையர், இரண்டாவதில் பெரும்பாலும் கறுப்பர். இரட்டைக் குவளை என்பது தேநீர்க் கடையில் மட்டும் இருப்பதல்ல. வெள்ளைச் சபைகள் கறுப்பரின் தாளத்தை உள்ளே விட்டன. கறுப்பரோடு சேர்ந்து உட்காரும் கேள்வியை அந்தத் தாளத்தின் சத்தத்திலேயே மறக்கவும் முடிந்தது.

தஞ்சாவூர்க் கீர்த்தனையும் சாதியும்

இங்கே ஒருவர் எழுந்து, அப்படியானால் மேற்கத்திய இசையே வேண்டாம், நம் மண்ணின் இசைக்குத் திரும்புவோம் என்று சொல்லலாம். அந்த வாதத்துக்கும் தமிழ்க் கிறித்தவத்தில் வரலாறு இருக்கிறது, அந்த வரலாறு நல்லதாக இல்லை.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனை மரபின் பெரும் கவிஞர். வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்து, மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் படித்தவர். 1820களில் வந்த புதிய தலைமுறை மிஷனரிகளோடு அவருக்கும் அவர் தரப்பு வெள்ளாளக் கிறித்தவர்களுக்கும் கடும் மோதல் வந்தது. மிஷனரிகள் இழைத்த கொடுமைகள் என்று அத்தரப்பு நான்கைப் பட்டியலிட்டது. பழைய பைபிள் மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. விழாப் பூக்களைத் தடுத்தது ஒன்று. ஆலயத்திலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை அகற்றியது ஒன்று. சாதிகளைக் கட்டாயப்படுத்திக் கலக்கச் செய்தது இன்னொன்று.

இசை உரிமையும் சாதி உரிமையும் ஒரே மனுவில் வந்திருப்பதைக் கவனியுங்கள். நம் இசை என்று அன்று அவர்கள் சொன்ன 'நம்'முக்குள் பறையர் இல்லை. இருக்கை தனி, நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்பதில் முறை தனி. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடுகளை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, ஏற்க மறுத்துப் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். இதற்காக மிஷனரிகளைப் புரட்சியாளர்கள் ஆக்க வேண்டியதில்லை. தமிழரின் பாட்டைத் தாழ்வாக நினைத்த இனத் திமிர் அவர்களிடமும் இருந்தது. நான் சொல்வது வேறு. இசை சுதேசியா விதேசியா என்ற அளவுகோலால் சாதியை அளக்க முடியாது. சுதேசி இசை சாதியைச் சுமக்க முடியும். விதேசி இசையும் சுமக்கும்.

பரட்டை தந்த அளவுகோல்

வேறு அளவுகோல் வேண்டும் என்றால் அதை ஏற்கெனவே ஒருவர் தந்திருக்கிறார். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 2005இல் மறைந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரால் அறியப்பட்டவர். மேட்டுக்குடி ஆங்கிலப் பாமாலையையும் சமஸ்கிருதம் ஏறிய கர்நாடகக் கீர்த்தனையையும் ஒருசேர விமர்சித்து, நாட்டார் இசையில் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். பறையும் கிராமத்துப் பேச்சுத் தமிழும் அதில் ஆராதனைக்குள் வந்தன.

அவருடைய வாதத்தில் நமக்கு முக்கியமானது ஒன்று. பாட்டு யாருக்கு எட்டுகிறது, கேட்டவர் அதை மாற்றித் தன் பாட்டாகத் திரும்பப் பாட முடிகிறதா என்பதே அவர் கேட்ட கேள்வி. நாட்டுப்புறப் பாட்டில் உரிமையாளர் இல்லை. நடவு வயலில் ஒருத்தி பாடியதை இன்னொருத்தி வரி கூட்டிப் பாடுவாள். ஒடுக்கப்பட்டவர் தம் இறையியலைத் தாமே செய்துகொள்ளும் வழி அது என்று அவர் கண்டார். ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்ணும் சமூகம் என்ற அவருடைய கனவோடு இது இணைந்தது.

இந்த அளவுகோலை ராக் இசைமீது வைத்துப் பார்ப்போம். முதல் பாதியில் ராக் நன்றாகவே தேறுகிறது. கர்நாடக இசைக்குக் குரு வேண்டும், வீட்டுச் சூழல் வேண்டும், சபாவின் அங்கீகாரம் வேண்டும். கிட்டாருக்கு நான்கு கார்டும், பழைய கிட்டார் ஒன்றைக் கடன் கொடுக்கும் ஒரு அண்ணனும் போதும். சேரியிலும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலும் பிறந்த பிள்ளைகள் மேடையில் நின்று ஒரு கருவியை வாசிக்கக் கிடைத்த முதல் இடம், பலருக்கும் சபையின் வாலிபர் கூட்டம்தான். இது சிறிய சாதனையல்ல.

இரண்டாவது பாதியில் தோற்கிறது. இன்றைய ஆராதனை ராக் என்பது பெரும்பாலும் ஒரு சில பெரும் சபைகளின் உற்பத்தி. சிட்னியின் ஹில்சாங், கலிபோர்னியாவின் பெத்தேல் போன்ற இடங்களில் பதிவாகும் பாட்டு, உரிமக் கட்டணத்தோடு உலகம் முழுக்கப் போகிறது. கிட்டார் தொனி முதல் விளக்கின் நிறம்வரை மூலத்தைப் போலவே இருக்க வேண்டும். பின்னணி இசை கணினியிலிருந்து ஓடுகிறது. காதில் மெட்ரோனோம் தட்டுகிறது. சபையார் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பாடுகிறார்கள். அதில் ஒரு வரியைக்கூட நம் தெருவின் சொல்லாக மாற்ற இடமில்லை. நிலமில்லை, வேலையில்லை, தோட்டக்காரர் அடித்தார் என்று அந்தப் பாட்டில் யாரும் முறையிட முடியாது. அடிமைகளின் பாட்டில் அந்த முறையீடு இருந்தது. துடிப்பை எடுத்துக்கொண்டு முறையீட்டை உதறிவிட்ட இசை இது.

பறையை வேண்டாம் என்பவரின் நியாயம்

இப்போது நம் தரப்பில் உள்ள ஒரு சிக்கல். சரி, கிட்டாரை வைத்துவிட்டுப் பறையை எடு என்று ஒரு தலித் கிறித்தவ இளைஞரிடம் சொல்லிவிட முடியுமா? முடியாது. சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிப்பது அவருடைய தாத்தாவுக்குக் கலையாக இருக்கவில்லை, கட்டாய ஊழியமாக இருந்தது. அடிக்க மறுத்ததற்காக அடிவாங்கிய ஊர்கள் உண்டு. பறையைக் கீழே போட்டதே விடுதலை என்று நினைத்த ஒரு தலைமுறையின் பேரன், கிட்டாரைத் தேர்ந்தெடுப்பதில் சுயமரியாதை இருக்கிறது. சாதி விதித்த கருவியிலிருந்து அவர் வெளியேறுகிறார்.

கறுப்பின மக்களிடமும் இதே விவாதம் நடந்தது. ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் திருச்சபையின் கறுப்பினப் பிஷப் டேனியல் பெய்ன், 19ஆம் நூற்றாண்டில் ரிங் ஷவுட்டை அநாகரிகம் என்று கண்டித்தார். படித்த, மதிப்புள்ள மக்களாகத் தம்மவர் நிற்க வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது. அந்தத் தவிப்பைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் பழிப்பது எளிது. ஆனால் அவர் ஒதுக்கிய அந்தக் கைதட்டலும் காலடியும்தான் பிறகு உலகத்தையே ஆட்டிவைத்தன என்பதும் உண்மை.

ஆகவே எந்தக் கருவி என்பதை முடிவுசெய்யும் உரிமை வாசிப்பவருடையது. பறையை மீட்பதும் கிட்டாரை எடுப்பதும் எதிரெதிர் அல்ல. 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானாவும் ராக்கும் பறையும் ஒரே பாட்டில் நின்றதை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே எந்தக் கருவியும் இன்னொன்றுக்கு மேலே உட்காரவில்லை. பறையின் தீட்டைப் போக்கும் கடமை, அதை அடித்தவரின் பேரனுக்கு அல்ல, அதை வாசலில் நிறுத்தியவரின் பேரனுக்கே உண்டு.

மேடையில் இருப்பவர்களுக்கு

முற்போக்கு வட்டங்களிலும் ஒரு பழக்கம் திருந்த வேண்டும். கைதட்டி, அழுது, சத்தமாகப் பாடும் பெந்தெகொஸ்தே சபைகளை 'அல்லேலூயா கூட்டம்' என்று கேலி செய்வது நம்மிடையே சர்வசாதாரணம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வாடகை டிரம்ஸ் சத்தத்தில் பாடும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி உழைக்கும் தலித் பெண்கள். இறைநம்பிக்கையை விமர்சிக்கலாம், சபை நடத்துபவரின் கணக்கைக் கேட்கலாம். சத்தத்தைக் கேலி செய்யும்போது நாம் விமர்சிப்பது நம்பிக்கையை அல்ல, சேரியின் குரலை. பாட்டுப் பாடி மதம் மாற்றுகிறார்கள் என்று அந்தக் கூரைமீது கல் எறியும் இந்துத்துவக் கும்பலுக்கு நம் கேலி மறைமுக உதவி.

இனி சபைகளிடம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் பிணங்களைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்தது, 2008இல் அது வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் முடிந்தது. மதம் மாறியதால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமையை இழந்த மக்களுக்கு, மாறிய இடத்தில் கிடைத்தது இது. ஒரு பேண்டை ஏற்பாடு செய்ய ஒலிபெருக்கிச் செலவு போதும். ஒரு சுவரை இடிக்க ஆதிக்க சாதிச் சபையாரின் காணிக்கையை இழக்கத் துணிய வேண்டும். அதனால்தான் நவீனமாக வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் திருச்சபை முதலில் இசையை மாற்றுகிறது.

ஞாயிறுதோறும் கிட்டாரோடு மேடையேறும் தோழர்களே, உங்கள் கையில் இருக்கும் கருவியின் பின்னால் மேளம் பிடுங்கப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் புதிய ஸ்பீக்கர் வேண்டும் என்று கேளுங்கள், தவறில்லை. அதே மனுவில் இன்னும் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நம் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம்? நிர்வாகக் குழுவில் யாருடைய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன? இந்த ஊரில் பறை வாசிக்கும் கலைஞர், தானாக விரும்பி, உரிய ஊதியத்தோடு, எந்த ஞாயிறும் உங்கள் பக்கத்தில் நின்று வாசிக்கலாமா? ஸ்பீக்கர் எளிதாகக் கிடைத்துவிடும். மற்ற மூன்றுக்கும் வரும் பதிலை வைத்து உங்கள் சபையை எடைபோடுங்கள்.